பார்க்கவில்லை என்று எழுதியவர்

இப்போதெல்லாம் எங்கள் கல் குவாரியை நாங்களே சோதித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் நான் கம்ப்யூட்டரைத் திறந்து, மலை எப்படி இருக்கிறது என்று அரசாங்கக் குவாரி இலாகாவின் பாரத்தில் சொல்ல வேண்டும். இரண்டே பதில்தான். திருப்திகரம், திருப்திகரமில்லை. இரண்டாவதை அழுத்தினால் இன்னும் பல பக்கங்கள் திறந்துகொண்டே போகும். முதலாவதை அழுத்தினால் நன்றி சொல்லி ஒரு பச்சை டிக் வரும். எங்கள் மலை வாராவாரம் மிகவும் திருப்தியாக இருக்கிறது. பேராக் மாநிலத்தில் எல்லா மலைகளும் அப்படித்தான் இருக்கின்றன என்று கேள்வி.

ஆள் பற்றாக்குறையை இலாகா இப்படித்தான் தீர்த்து வைத்தது. சோதிக்க ஆள் இல்லை என்றால், யாரைச் சோதிக்க வேண்டுமோ அவர்களையே சோதிக்கச் சொல்லிவிட்டால் போயிற்று. இந்த யோசனையைச் சொன்ன புண்ணியவானுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும். பரீட்சைத் தாளைப் பிள்ளைகளே திருத்திக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடங்களில் ஏன் இன்னும் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தப் பச்சை டிக் வரும்போதெல்லாம் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் பகுதிக்குக் குவாரி இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பேர் ஒன்று உண்டு. குவாரியில் யாரும் அதைச் சொன்னதில்லை. 'பாக்கல சார்' என்றுதான் பேச்சு. அந்தப் பட்டத்தை வைத்தவள் நான். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

ஈப்போவுக்குத் தெற்கே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் முதுகில் நிற்கிறது எங்கள் சுண்ணாம்புக்கல் மலை. தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களில் பாதி கல் வெட்ட வந்துவிட்டது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவள். என் அண்ணன் பெக்கோ ஓட்டுகிறார், உடைத்த கல்லை அள்ளி லோரியில் கொட்டும் இயந்திரம். மலையைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போனால் சுவர் மாதிரி ஒரு முகம் நிற்குமே, அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் செவுரு. மூன்று செவுரில் வடக்குச் செவுருதான் உயரம். அதற்குக் கீழேதான் அண்ணனுக்கு வேலை.

இவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தங்கமானவர். காரை ஆபீஸ் வாசலில் நிறுத்துவார், ஏர்கான் அறையில் உட்காருவார், நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார், சன்னல் வழியாக மலையை ஒரு பார்வை பார்ப்பார். மலை அங்கேயேதான் இருக்கும். திருப்திகரம். கோழி நன்றாக இருந்த நாளில் 'மிகவும்' என்று சேர்த்துக்கொள்வார். மேனேஜருக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை. அவர் ஓய்வு பெற்றபோது குவாரி சார்பில் கைக்கடிகாரம் கொடுத்தோம். படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பிறகுதான் இவர் வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பதைத் தாண்டியவர், ஜெலாப்பாங்கில் வீடு. காரின் பின் சீட்டில் ஒரு மடக்கு ஸ்டூல், ஒரு பிளாஸ்க், ஒரு டின் கிரீம் கிராக்கர் பிஸ்கட். முதல் நாள் மேனேஜர் பழக்கதோஷத்தில் நாசி கண்டார் வாங்கி வைத்திருந்தார்.

"முதல்ல சாப்பிட்டுரலாம் சார். மலை எங்க ஓடிரப் போவுது."

"ஓடாது. விழும்," என்றார் அவர். "நான் வீட்டுல சாப்பிட்டுட்டுதான் வந்தேன்."

நாலு மணி நேரம் நடந்தார். எங்கள் மேனேஜர் அந்தக் குவாரியில் அதுவரை மிதிக்காத இடங்களையெல்லாம் அன்றைக்குத்தான் மிதித்தார். இரண்டு செவுரைப் பார்த்து முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆபீசுக்கு வந்து, பாரத்தை மேசையில் வைத்து, பையிலிருந்து ஸ்கேலும் பேனாவும் எடுத்தார். அச்சடித்திருந்த இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில், அதே அளவில், மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். அதன் தலையில் சின்ன எழுத்தில் மலாயில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். வடக்குச் செவுருக்கு நேராக அந்தக் கட்டத்தில் டிக் போட்டார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சார், அது வருஷா வருஷம் ஓகேன்னுதான் போட்டிருக்கு."

"போட்டவங்க பாத்திருப்பாங்க. நான் பாக்கல."

"தெற்கு செவுரு மாதிரியேதான் சார் அதுவும் இருக்கும்."

"இருக்கும்ங்கறத எழுத கட்டம் இல்ல. அதுக்கு நாலாவதா ஒண்ணு போடணும்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். அன்றைக்கு நான் வைத்த பேர்தான் 'பாக்கல சார்'.

மனுஷர் வேலையில் மட்டும் இப்படி என்றால் தொலைகிறது என்று விடலாம். எங்கள் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவர், தன் மகளுக்கு ஜெலாப்பாங்கில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். பையன் இவருடைய தெருவாம். ஆசையாகக் கேட்டார், பையன் எப்படி சார் என்று.

"பையனப் பாத்திருக்கேன். மோட்டார் நல்லா ஓட்டுறான்," என்றார். "குணத்தப் பாக்கல."

மண்டோர் ஒரு மாதம் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், இவரும் வந்தார். சாப்பாடு எப்படி என்று கேட்ட மாப்பிள்ளையின் அப்பாவிடம், சாம்பாரைப் பார்த்தேன், பாயசம் என் பந்திக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எங்கள் தண்ணீரைக்கூட அவர் குடித்ததில்லை. அந்த ஸ்டூலை விரித்து உட்கார்ந்து, பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றி, பிஸ்கட்டை இரண்டாக உடைத்து நனைத்துத் தின்பார். இரண்டே பிஸ்கட். மூன்றாவதை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

லைசென்ஸ் தாள்களைக் கொடுக்க வருடத்துக்கு ஒரு முறை ஈப்போவில் அவருடைய ஆபீசுக்குப் போவேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம், இலாகாவில் யார் யார் என்று. மேலே தலைவர். அவர் படத்துக்குக் கீழே 'தற்காலிகம்'. அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள் மூவர். ஒன்றில் இவர் படம் இருந்தது. மற்ற இரண்டில் 'கோசோங்' என்று எழுதியிருந்தது, காலி என்று அர்த்தம். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார், அதுதான் கைக்கடிகாரக்காரர். இன்னொருவர் மாற்றலாகிப் போனார். வருடா வருடம் அந்தப் படத்தைப் புதிதாக அச்சடித்து மாட்டுவார்கள். கோசோங் மட்டும் போன வருடத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். காலி மேசை இரண்டிலும் பிளாஸ்டிக் பூ வைத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். மேசைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஆள் போட மாட்டாங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எழுதிக் கேட்டேன். மூணு போஸ்ட் ஏற்கெனவே இருக்கு, போதும்னு பதில் வந்திச்சு."

"போஸ்ட் இருக்கு, ஆள் இல்லியே."

"ஆளு வேற டிபார்ட்மெண்டு," என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

வடக்கே பாரிட் புந்தாரிலிருந்து மேற்கே லூமுட் வரை, அந்தப் பழைய காரும் இந்த ஒரு ஜோடிக் கண்ணும். எங்கள் குவாரிக்கு ஒரு தடவை வந்து போனால் அடுத்த தடவைக்குள் என் அண்ணன் மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்துவிடும். அதனால் அவருடைய பாரங்களில் மூன்றாவது கட்டம்தான் நிரம்பி வழிந்தது. மேலிடத்துக்கு அது கண்ணைக் குத்தியது. பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று ஒரு ஆபீசர் எழுதிக்கொண்டே இருந்தால் படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும். பார்க்காமலே திருப்திகரம் என்று எழுதுகிற பெருந்தன்மை இவருக்கு வரவே இல்லை.

ஒரு வழியாக ஒருநாள் வடக்குச் செவுருக்கு நேரம் கிடைத்தது. பின்பக்கமாக மலைமேல் ஏறினார். நான் பாரங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். உச்சியில், விளிம்பிலிருந்து நாலைந்து அடி உள்ளே, புல்லுக்கு நடுவில் ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. மெலிசாகத்தான் இருந்தது. அவர் குப்புறப் படுத்து அதையே பார்த்தார். பிறகு பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டு வைத்துப் பாறையோடு பூசினார். ஒரு சின்னப் புட்டியைத் திறந்து, அந்தக் கண்ணாடியில் சிவப்பாகத் தேதி எழுதினார். நகப்பூச்சு.

"மார்க்கர் மழையில அழிஞ்சிரும். இது மககிட்ட கேட்டு வாங்கினது," என்றார். "பாறை நகந்தா இது உடையும். நான் திரும்பி வர மாசக் கணக்கா ஆவும். தினம் காலையில ஒரு தடவ ஏறிப் பாப்பீங்களா? உடைஞ்சா உடனே போன் போடுங்க. மேனேஜருக்கு இல்ல. எனக்கு."

"நானா சார்? மண்டோர் இருக்காரே."

"கீழ பெக்கோ ஓட்டுறது உங்க அண்ணன்தானே. நீங்க நெசமாவே பாப்பீங்க."

அரசாங்கம் கொடுக்காத இரண்டாவது ஆளை அவராகவே நியமித்துக்கொண்டார். அந்தக் கோசோங் நான்தான். பல மாதம் மழையோ வெயிலோ, காலையில் ஆபீஸ் பூட்டைத் திறக்கும் முன்பு மேலே ஏறி அந்தச் சிவப்புத் தேதியைப் பார்த்துவிட்டு இறங்குவேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கண்ணாடி இரண்டாக விட்டிருந்தது.

கீழே எட்டிப் பார்த்தால் அண்ணனின் மஞ்சள் பெக்கோ, பொம்மை சைசில். போனை எடுத்து அவர் நம்பரைத் தேடி எடுத்துவிட்டேன். அழுத்தவில்லை. தோட்டத்தில் பிறந்த உடம்பு இது. எது நடந்தாலும் மேலே இருக்கிறவருக்குச் சொல்லாமல் வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது என்று அப்பா காலத்திலிருந்து ஊறிப் போன பயம். முதலில் மேனேஜரிடம் ஒரு வார்த்தை என்று இறங்கி வந்தேன்.

"உடைஞ்சிருச்சா?" என்றார் மேனேஜர், கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல். "அவரு வாராருலா. இலாகாவுலேர்ந்து சூராட் வந்திருச்சு, தேதி போட்டு. அடுத்த செவ்வாய் இல்ல, அதுக்கு அடுத்த செவ்வாய். பத்து நாள்தானே, வந்து அவரே பாக்கட்டும். நீ எதுக்கு நடுவுல."

"சார்தான் உடனே போன் பண்ணச் சொன்னாரு."

"பண்ணு. செவுர மூடுவாரு. மூடுனா மொதல்ல வீட்டுக்குப் போறது யாரு? உன் அண்ணன்."

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். அவர் காலில் அப்பிய வெள்ளைத் தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இத்துனூண்டு கண்ணாடி. வெயிலுக்கு விட்டிருக்கும்லா. நீ போன் கீன் பண்ணித் தொலைச்சிராத."

பண்ணவில்லை. அண்ணன் சொன்னார், மேனேஜர் சொன்னார் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும், கையில் போன் இருந்தது எனக்கு. பயந்தேன், அவ்வளவுதான். தினமும் காலையில் மட்டும் தவறாமல் ஏறினேன். முதல் நாள் உடைந்த இரண்டு துண்டுக்கும் நடுவில் நகம் நுழைந்தது. எட்டாவது நாள் சுண்டு விரல் நுழைந்தது. இறங்கி வந்து பால் கலக்காத தே ஓ குடித்துவிட்டுக் கணக்கு எழுதினேன்.

திங்கட்கிழமை கோத்தோங் ரோயோங். இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி, ஓட்டு வாங்கிப் போன ஒய்.பி. வந்தாலும் சரி, முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து கூட்டிப் பெருக்கி இடத்தை அலங்கரித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு தூங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட்டுகள் வெளியே வந்தன. 'பாதுகாப்பே முதன்மை' பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்தார்கள். விட்டிருந்தால் மலையடியில் இருக்கிற முனியாண்டி சாமிக்கும் ஒரு ஹெல்மெட் போட்டிருப்பார்கள்.

மண்டோர் மலைமேலும் ஏறியிருக்கிறார். எனக்குத் தெரியாது. மறுநாள் இன்ஸ்பெக்டரோடு ஏறினபோதுதான் பார்த்தேன். உடைந்த கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் புத்தம் புதிய கண்ணாடித் துண்டு பளபளவென்று இருந்தது. சிமெண்டு ஓரத்துக்கு வெள்ளையடித்திருந்தது. விரிசலையும் அந்த நீளத்துக்குச் சிமெண்டு வைத்து அழகாக நிரவியிருந்தது.

"தேதி எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார் மாத்துனேன்," என்றார் மண்டோர். முகமெல்லாம் சிரிப்பு. "பழசு உடைஞ்சு அசிங்கமா கெடந்திச்சு. நீங்க வர்ற நேரத்துல அப்படிக் கெடக்கலாமா? என் வீட்டு லூவர் சன்னல்ல வெட்டுனது சார், நல்ல கண்ணாடி."

அந்த மனுஷரிடம் கள்ளம் கிடையாது. ஆபீசர் வைத்த சாமான் ஒன்று உடைந்து கிடந்தால் நமக்குத்தானே மரியாதைக் குறைவு என்று நினைத்துச் செய்தார்.

"பழைய துண்டு?"

"குப்பை லோரியில போயிருச்சு சார்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "எப்ப உடைஞ்சிச்சு?"

மேனேஜர் எனக்கு நேர் பின்னால் நின்றார். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"நேத்துதான் சார்," என்றேன். "நேத்து காலையில."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார். பச்சை அட்டை போட்ட சின்ன நோட்டு, எப்போதும் சட்டைப் பையில் இருப்பது. என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. உடைந்ததைப் பார்க்கவில்லை.

வேலையை நிறுத்தும் உத்தரவுக்குத் தலைவர் கையெழுத்து வேண்டும். அங்கேயே நின்று போன் போட்டார். தற்காலிகத் தலைவர் அந்த வாரம் கேமரன் மலையில் பயிற்சிக்குப் போயிருந்தார், குழுவாகச் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று. ஒரே ஒரு ஆள் இருக்கிற குழுவுக்கு அது மிகவும் அவசியம்தான். வெள்ளிக்கிழமை பேசலாம் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அந்த ஒல்லி மனுஷர் எங்கள் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். சோதனை நடக்கும் நேரத்தில் செவுருக்குக் கீழே எந்த இயந்திரமும் ஓடக்கூடாது என்று விதி இருக்கிறது. சோதனை எத்தனை நேரம் நடக்கலாம் என்று விதியில் இல்லை. காருக்குப் போய் ஸ்டூலைக் கொண்டுவந்தார். வடக்குச் செவுருக்குப் போகிற பாதையில், கல் விழுந்தால் எட்டாத தூரத்தில், பெக்கோவும் லோரியும் தாண்டவே முடியாதபடி நட்டநடுவில் விரித்து உட்கார்ந்தார்.

மேனேஜர் ஓடி வந்தார். "சார், சோதனை எப்ப முடியும்?"

"பாத்து முடிச்சதும்."

"இன்னும் என்ன சார் பாக்கணும்?"

"புதுக் கண்ணாடி முழுசா இருக்கு, பாத்துட்டேன். அது உடையுதான்னு பாக்கணும்."

செவ்வாய் போயிற்று. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போனார், புதன் காலை ஆட்கள் வரும் முன்பே ஸ்டூலில் இருந்தார். மணிக்கு ஒரு தடவை மலையில் ஏறி இறங்கினார், தானே. என்னை அனுப்பவில்லை. அது எனக்கு எங்கேயோ குத்தியது. லோரிக்காரர்கள் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் வேலையில்லாமல் பெக்கோ நிழலில் உட்கார்ந்து எனக்குக் கேட்கிற மாதிரி, "உன் சாரு நம்ம சோத்துல மண்ண அள்ளிப் போடுறாருலா," என்றார்.

மத்தியானம் வெயிலுக்கு ஒரு குடை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு லூமுட் பக்கம் ஒரு குவாரிக்குப் போக வேண்டியது," என்றார். "அங்க கன்வேயர் பெல்ட்டுக்கு வேலி இல்ல. போடச் சொல்லி தவணை குடுத்துட்டு வந்தேன். போட்டாங்களான்னு பாக்கணும்."

"போன்ல கேக்கலாமே சார்."

"கேட்டேன். போட்டாச்சுன்னாங்க." பிஸ்கட்டை உடைத்து நனைத்தார். "பாக்கல."

அப்போது சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை இல்லை சார், உடைந்து பதினோரு நாளாயிற்று, சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு நகர்ந்துவிட்டது சார் என்று. அது போதும், அவர் உடைகிறதா என்று காத்திருக்க வேண்டியதே இல்லை. வாய்வரை வந்தது. ஆபீஸ் சன்னலில் மேனேஜர் தலை தெரிந்தது. "தே ஓ கொண்டாரவா சார்?" என்று கேட்டேன். வேண்டாம் என்று பிளாஸ்க்கைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. வியாழன் காலை பத்தரைக்கு மலைமேல் போயிருந்த இன்ஸ்பெக்டர் வழக்கத்தைவிட வேகமாக இறங்கி வந்தார். "உடைஞ்சிருச்சு. பாத்துட்டேன்," என்றார். எல்லோரையும் ஆபீசுக்குப் பின்னால் போகச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அரை மணி நேரம் கழித்து வடக்குச் செவுரின் முகம் அப்படியே கழன்று இறங்கியது. தரை ஆடியது. தூசி அடங்கியபோது, அண்ணன் தினமும் பெக்கோவை நிறுத்துகிற இடத்தில் இரண்டு மாடி உயரத்துக்குக் கல்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மண்டோர் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தார், கோழி அறுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார், இன்ஸ்பெக்டர் காலில் விழப் போனார். மேனேஜர்கூட, நான் அப்பவே நினைச்சேன் என்றார். பாக்கல சார் ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் காரில் கொண்டுபோய் வைத்தார். 

மூன்று மணிக்கு அவருக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலி போட்டிருந்தாங்களா?"

போடவில்லை. லூமுட் பக்கத்துக் குவாரியில் அன்று மத்தியானம் ஒருவரைக் கன்வேயர் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிவரைகூடப் போகவில்லை. பாரிட் புந்தார்க்காரர், அண்ணன் வயதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்ஸ்பெக்டர் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தார்.

இலாகா சும்மா இருக்குமா. அவரை விளக்கம் கேட்டு சூராட் வந்தது. ஒரு குவாரிக்கு ஒதுக்கியது அரை நாள், மூன்று நாள் எடுத்தது ஏன்? அட்டவணையில் இருந்த இடத்துக்குப் போகாதது ஏன்? உயிர்ச்சேதத்துக்கு நீர் பொறுப்பில்லையா? அதற்கு அவர், 'நான் ஒருவன்தான்' என்று ஒரே வரியில் பதில் எழுதினாராம். போதுமான விளக்கம் இல்லை என்று அவரை ஃபைல் அறைக்கு மாற்றினார்கள். பாரத்தில் கையால் கட்டம் போடக்கூடாது என்று எல்லாக் குவாரிக்கும் சுற்றறிக்கை வந்தது. அடுத்த வருடம் நான் லைசென்ஸ் தாள்களோடு போனபோது சுவரில் புதுப் படம் மாட்டியிருந்தார்கள். மூன்று இடத்திலும் கோசோங், ஒரே மாதிரி எழுத்தில், வரிசையாக.

ஃபைல் அறை பின்பக்கம். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. கயிறு கட்டிய ஃபைல்களுக்கு நடுவில் அதே மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிஸ்கட் டின்னை நீட்டினார். எடுத்துக்கொள்ளவில்லை.

"சார், அந்தக் கண்ணாடி உடைஞ்சது திங்கக்கிழமை இல்ல," என்றேன். "அதுக்கு ஒம்பது நாள் முந்தி, சனிக்கிழமையே பாத்துட்டேன். சொல்லல."

திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பச்சை நோட்டை எடுத்தார். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, விரலை வைத்து, வாய்க்குள் படித்தார்.

"சனி நான் வீட்டுல. திங்க தலைவர் ஆபீஸ்லதான் இருந்தாரு. செவ்வாய்க்குள்ள கையெழுத்து ஆயிருக்கும், செவுர மூடியிருக்கலாம்." இன்னொரு பக்கம் புரட்டினார். "அதுக்கு அடுத்த வாரம் புதன் லூமுட். போயிருப்பேன்."

 பேனாவை எடுத்து, பேரை முழுசாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அடையாள அட்டையின் ஐ.சி. நம்பர் கேட்டார். அதையும் சொன்னேன். நிதானமாக எழுதினார்.

"அண்ணன் நல்லா இருக்காரா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நல்லா இருக்காரு சார்."

எழுதி முடித்து நோட்டை என் பக்கம் திருப்பினார். அந்தச் சனிக்கிழமைக்கு நேராக ஒரு வரி இருந்தது. கண்ணாடி உடைந்தது. பார்த்தவர் என்று போட்டு, என் பேர்.

"சரியா இருக்கான்னு பாருங்க," என்றார்.

பார்த்தேன். சரியாக இருந்தது.